கோமதியின் பன்னிரண்டாம் அத்தியாயம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, இரண்டாம் பீரியடில் செய்தி வந்தது. எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் கோமதி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். நாற்பத்தொரு வயது. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், எடுத்து முடித்த வருகைப்பதிவையே மறுபடி எடுத்தேன்.

சங்கரன்கோவிலில் அவளைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவள் கைராசியும் தெரியும். அவள் கையால் ஹால்டிக்கெட் வாங்கினால் பாஸ் என்று பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். மேலநீலிதநல்லூர் அண்ணாச்சி ஒருவர் உளுந்து விதையோடு ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "ஒரு கை அள்ளிக் குடு தாயி" என்று நின்றார். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவர் போனபின் என்னிடம் சொன்னாள்: "வெளைஞ்சா என் கைராசிம்பாவ. வெளையலன்னா என்னையத்தான் ஏசுவாவ, அக்கா."

அந்த எரிச்சலில்தான் இளையவர்களுக்கான அவளுடைய மாயாஜால நாவல் பிறந்தது. அதில் செங்கனி என்றொரு வாள்வீராங்கனை. அவள் நிற்கிற பக்கம் ஜெயிக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாளை வீசினாலும் ஜெயிக்கும். தனக்கு உண்மையில் சண்டை போடத் தெரியுமா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. கேட்காமல் வந்த அந்த மாயத்தை உதறத்தான் கதை முழுக்க ஓடுகிறாள். கோமதி அதை ஏழு முறை திருத்தி எழுதினாள்.

வெளியீட்டு விழாவில் பேச என்னை அழைத்தாள். தமிழாசிரியையின் நாக்கு சும்மா இருக்குமா? "கோமதியின் கைராசிக்குப் புத்தகம் பறந்துவிடும்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீ குடிக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்களுமாக்கா இப்பிடிச் சொல்லுதீய?" அதுவரை நான் நாவலில் பாதிகூடப் படித்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வாரமே உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். "பன்னெண்டாவது அத்தியாயத்துச் சண்டை சவ்வா இழுக்குது கோமதி. அவ எப்பம் பயப்படுதான்னே தெரியல" என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "இப்பந்தாக்கா ஒரு ஆளு என் புத்தகத்தப் படிச்சிருக்கு!" என்றாள்.

காரியங்கள் முடிந்தபின் பனவடலிசத்திரத்திலிருந்து அவள் தம்பி வந்து ஒரு நோட்டைத் தந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியதாம். அச்சான புத்தகத்தில் பதினொரு பக்கம் ஓடிய அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயச் சண்டை இதில் மூன்று பக்கமாகியிருந்தது. எதிரியின் முன்னால் செங்கனிக்கு முழங்கால் நடுங்குகிறது; நடுங்கிக்கொண்டே நிற்கிறாள். ஓரத்தில் பென்சிலால், "இப்பம் சரியா அக்கா?" என்று எழுதியிருந்தது.

அந்த நோட்டைத்தான் அவள் நினைவாக வைத்திருக்கிறேன். கேட்டவள் இல்லை, அவளைத் தெரிந்த உங்கள் முன்னால் பதில் சொல்கிறேன். சரியாக இருக்கிறது, கோமதி. ரொம்ப நன்றாக இருக்கிறது. ராசியெல்லாம் ஒன்றுமில்லை. அத்தனையும் நீ எழுதியது.