கேக் அக்காவின் முழங்கை

கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை ரப்பர் கரண்டியால் வழித்து, மகளின் வாயருகே கொண்டுபோகிறாள் கேக் அக்கா. கடையில் கிரீம் வழிக்கிற அதே லாவகம்.

"இதுதான் கடைசி. கண்ண மூடிக்கோ."

"நேத்தும் இதத்தான் கடைசின்னு சொன்ன."

"அது நேத்தோட கடைசி. இது இன்னைக்கோடது."

ஏழு வயதுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டே நக்கித் தீர்க்கிறாள்.

தெருவே அவளைக் கேக் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பேக்கரியின் பின்னறையில் நின்றபடி சர்க்கரையில் ரோஜா பூக்கவைப்பவள். வீட்டிலோ ஒரு சிட்டிகை சர்க்கரை வெளியில் கிடக்காது. "ஊருக்கெல்லாம் இனிப்பு, என் வீட்டுக்கு மட்டும் வெண்ணெய்" என்று சிரிப்பாள். சிரித்தபடியே அலமாரிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள்.

மகளுக்கு வலிப்பு. மருந்துகளை மாற்றிப் பார்த்தும் அடங்கவில்லை. அதன் பிறகுதான் டாக்டர் மருந்தோடு இந்தச் சாப்பாட்டையும் எழுதினார்: மாவும் சர்க்கரையும் மிகக் குறைவு, பெரும்பங்கு கொழுப்பு, எல்லாம் தராசில் நிறுத்து. "உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு அடுப்பும்மா. சர்க்கரை விறகு வரலைன்னா, கல்லீரல் கொழுப்ப ஒடச்சு வேற விறகு அனுப்பும். மூளையும் அத எரிச்சுக்கும். சில பிள்ளைங்களுக்கு அதுல வலிப்பு அடங்குது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

அவள் அடுப்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு ஒரு பிஸ்கட் குடுக்க மனசு வராத மகராசி" என்று மாமியார் இடிக்கும்போதெல்லாம், "அடுப்ப மாத்தியிருக்கோம் அத்தை. பழைய விறகப் போட்டா புகைதான் வரும்" என்பாள், தராசிலிருந்து கண்ணெடுக்காமல்.

வலிப்பு குறைந்தது. பிறகு வரவே இல்லை. வீடு மூச்சுவிடத் தொடங்கிய ஒரு மாலையில் மறுபடி வந்தது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை, கொழுப்பு எரிந்தால் கத்திரிப்பூ நிறம் காட்ட வேண்டியது, வெளிறிக் கிடந்தது. எங்கிருந்தோ பிள்ளையின் வாய்க்குச் சர்க்கரை போகிறது.

"நீங்க ஏதாவது குடுத்தீங்களா அத்தை?"

"நான் என்ன எதிரியா? என் பேத்தி தலைமேல சத்தியம்."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பேசாவிட்டாலும் மாமியாரின் கண்கள் சும்மா இருக்கவில்லை. வேலையிலிருந்து வந்த தாயின் மடியில் மகள் சுருண்டிருந்தபோது அவர்தான் பார்த்தார்.

"ஏம்மா, உன் முழங்கையப் பாரு. கன்னுக்குட்டி மாதிரி நக்குறா!"

கேக் அக்கா மணிக்கட்டுவரைதான் கழுவிவிட்டு வருவாள். அதற்குமேல் பொடிச் சர்க்கரையும் காய்ந்த கிரீமும் பூச்சாகப் படிந்திருந்தன. "அம்மா கை தெனமும் இனிக்கும்" என்றாள் சிறுமி. அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.

இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். கேக் அக்காவுக்கு அது போதும். கடையில் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, கிளம்புமுன் குளியல். வேலையையே விட்டுவிடச் சொன்னவர்களிடம், "சோறு போடுற கை. வெட்டவா முடியும்? கழுவலாம்" என்றாள். பட்டை மறுபடி கத்திரிப்பூவானது.

இப்போதும் மகள் வாசலுக்கு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால், பிடிபட்ட திருடனைப்போல் கேக் அக்கா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவிடுகிறாள். மாமியார் எழுந்து வந்து, மருமகளின் முழங்கையை ஒரு விரலால் தடவி, தன் நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையசைக்கும்வரை அந்தக் கைகள் கீழே இறங்குவதில்லை.