மெத்தையக்கா பிடித்த ஸ்பான்சர்

மெத்தையக்காவுக்கு யார் வாசலிலும் போய் நின்று பழக்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, ஒரு ஓட்டை மிஷினை வைத்துக்கொண்டு பஸ் சீட்டுக்கு உறை தைக்க உட்கார்ந்தவள் அவள். இன்றைக்குச் சொந்தக் கட்டடத்தில் கடை. வேனுக்கும் காருக்கும் சீட்டு, வீட்டுக்கு மெத்தை, ஆஸ்பத்திரிக்குத் தலையணை. அவள் போட்ட தையல் பிரிந்து திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. பிரிந்தது என்று யாராவது கொண்டுவந்தால், அது அவள் போட்ட தையல் இல்லை என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவள் சில நாளாகக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எதற்கு என்றால், ஒரு பில்லியர்ட்ஸ் லீக்குக்கு.

அந்த ஆட்டத்துக்கு அவள் வந்த கதை சின்னது. ஹால்காரர் தன் மேசைகளுக்குப் பச்சைத் துணி மாற்ற அவளைக் கூப்பிட்டார். ஒரு சுருக்கம் இல்லாமல் துணியை இழுத்து ஒட்டினாள். மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஓரத்தில் கிடந்த குச்சியை எடுத்து ஒரு பந்தைத் தட்டினாள். பந்து நேராகப் போய் எதிர்மூலைக் குழியில் விழுந்தது. அடுத்த பந்தும் விழுந்தது என்பாள் அக்கா. விழவில்லை என்பார் ஹால்காரர். நாம் அக்கா பக்கம். அன்றைக்குப் பிடித்த குச்சியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

லீக் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் டிப்போ ஆட்கள், பேக்கரி ஆட்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், சலூன்காரர்கள், அக்காவின் மெத்தைக்கடை என்று ஆளுக்கொரு அணி. வேலை முடிந்து வந்து ஆடுவார்கள். மேசை வாடகையைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது. தோற்றவன் அடுத்த வாரம்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், ஜெயித்தவனுக்கு அதுவே பரிசு. அக்காதான் செயலாளர்.

இந்த நிலையில் ஹாலை மரச்சாமான் குடோனுக்குக் கேட்டு ஒருவர் வந்துவிட்டார்.

"சீசன் வாடகை மொத்தத்தையும் முன்னாடியே குடுத்துட்டா ஹால் உங்களுக்கு. இல்லைன்னா மேசையைக் கழட்டறேன்க்கா, என்னைத் திட்டாதீங்க" என்றார் ஹால்காரர்.

அக்கா நினைத்திருந்தால் கல்லாப்பெட்டியைத் திறந்து அங்கேயே கொடுத்திருக்கலாம். அவள் வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன கண்டக்டர், அதைத்தான் சொன்னார்.

"நீயே குடுத்துட்டுப் போயேன். எதுக்கு இந்த அலைச்சல்?"

"நான் குடுத்தா அது என் லீக் ஆயிடும். நான் ஜெயிச்சா காசு குடுத்தவன்னு விட்டுக் குடுத்தோம்பானுங்க. தோத்தா பாவம் பணம் போட்டவம்பானுங்க. ரெண்டும் எனக்கு ஆகாது."

அதனால் எல்லா அணியும் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொல்லிவிட்டாள்: "ஸ்பான்சரை நான் கொண்டு வர்றேன். யார் கால்லயும் விழாம கொண்டு வர்றேன்." பேக்கரி அணித் தலைவன், வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவன், "விழுந்தாலும் மெத்தை மேலதானே விழுவீங்க" என்றான். சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஸ்பான்சரிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு நல்ல சரக்கு இருந்தது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே யோசித்தது. முதலில் போன பல் டாக்டரிடமும் அதைத்தான் சொன்னாள்.

"டாக்டரே, மத்த ஆட்டத்துல எல்லாம் ஆடறவன் ஓடிக்கிட்டே இருப்பான். சட்டையில என்ன எழுதியிருக்குன்னு எவன் படிக்கிறது? எங்க ஆட்டத்துல மேசை மேல குனிஞ்சு, குறி பாத்து, மூச்சைப் பிடிச்சு நிப்போம். உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியறது எங்க முதுகு ஒண்ணுதான். அங்க உங்க பேரு."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதுகுக்குக் கீழயும்தானேம்மா தெரியும்."

"அது இலவசம்" என்றாள் அக்கா.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பணம் கொடுக்கவில்லை. டயர் கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். பாங்க் மேனேஜர், அந்த மாதிரி இடங்களுக்குக் குடும்பத்துப் பெண்கள் போவார்களா என்று கேட்டார். "உங்க பாங்க்குக்கே வர்றேனே" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது சம்பந்தி. அவள் மகளைக் கட்டிய பையனின் அப்பா. டிவி, பிரிட்ஜ் விற்கிற பெரிய கடை. மேலே கண்ணாடி அறை, உள்ளே பற்கள் கிடுகிடுக்கும் குளிர். அந்த அறையில் அக்கா உட்கார்ந்த நாற்காலியின் உறையில் தையல் விட்டுப்போயிருந்தது. அதை அவள் விரலால் தடவிக்கொண்டே பேசினாள்.

சம்பந்தி முழுதாகக் கேட்டார். தலையாட்டினார். "மொத்தத்தையும் நானே தர்றேன் சம்பந்தியம்மா. நம்ம குடும்பத்து விஷயம், வெளியில எதுக்குப் போகணும்?"

அக்காவுக்கு மனது இளகிவிட்டது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம். இனிமே நீங்க அங்க ஆடவேண்டாம். செயலாளர் வேலையை உங்க மாப்பிள்ளை பாத்துக்கட்டும், படிச்ச பிள்ளை. நீங்க கௌரவமா முன்வரிசையில உக்காந்து பாருங்க. இந்த வயசுல ஒரு பொம்பளை ஆம்பிளைங்க மத்தியில குனிஞ்சு நிமிர்ந்து... எங்க சொந்தக்காரங்க கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்ல முடியல."

"என்ன கேக்கறாங்க?"

"அதை எப்படிச் சொல்றது."

"நல்லா ஆடறாங்களான்னு கேட்டா ஆடறாங்கன்னு சொல்லுங்க. வேற ஏதாவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க." அக்கா எழுந்தாள். "அந்த நாற்காலியைக் கடைக்குக் குடுத்து விடுங்க சம்பந்தி, தச்சுத் தர்றேன். சம்பந்தி வீட்டுக்குக் கூலி வாங்கமாட்டேன்."

படி அதிர அதிர மிதித்து இறங்கினாள். பணம் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்கிற ஆத்திரம் இல்லை. லீக் எழுந்து நிற்க வேண்டுமானால் அவள் உட்கார வேண்டும் என்று ஒரு மனுஷன் அவள் முகத்துக்கு நேரே சொன்னானே, அந்த எரிச்சல். மேசைத் துணியைக் கையால் தடவிப் பார்த்தே இது யார் ஆடிய மேசை என்று சொல்கிறவளை முன்வரிசையில் பொம்மையாக உட்காரச் சொல்கிறார்.

மறுநாள் கடைக்குப் பெட்டிக்காரர் வந்தார். சவப்பெட்டி செய்து விற்கிறவர். பெட்டிக்குள்ளே போடும் மெத்தையும் சின்னத் தலையணையும் அக்காவிடம்தான் தைக்கக் கொடுப்பார். சுமந்து போக வந்தவர் வழக்கம்போல வாசலிலேயே நின்றார். எந்தக் கடைக்குப் போனாலும் உள்ளே வரமாட்டார். வந்தால் மற்ற வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்கே ஒரு கூச்சம்.

"உள்ள வாங்கண்ணே. டீ வருது" என்றாள் அக்கா. "வியாபாரம் எப்படி?"

"வர்றவன் வருவான். ஆனா நான் இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியல. போர்டு வைக்க இடம் கேட்டா எவனும் தரமாட்டேங்கறான். பேப்பர்ல போட்டா சாவுச் செய்திப் பக்கத்துல ஒரு மூலையில போடறான். அதைப் படிக்கிற நேரத்துல வேற ஒருத்தன்கிட்ட வாங்கி முடிச்சிருப்பாங்க. உயிரோட இருக்கிறவன் கண்ணுல நான் படவே கூடாதாம்."

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "எத்தனை முதுகு வேணும் உங்களுக்கு?"

விஷயத்தைச் சொன்னாள். பெட்டிக்காரர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஒளித்துப் போடக் கூடாது. அக்கா அதற்கு ஒத்துக்கொண்ட மாதிரி சந்தோஷமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. வாடகை மறுநாளே ஹால்காரர் கைக்குப் போய்விட்டது.

சட்டைகளை அவளே தைத்தாள். கறுப்புத் துணி, முதுகில் வெள்ளை எழுத்து: "சவப்பெட்டி நிலையம். எல்லா அளவிலும். எந்த நேரமும்."

சட்டையை விரித்துக் காட்டியதும் ஹாலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி என்னையே அதுல அனுப்பிடுவா" என்றான் டிப்போ டிரைவர் ஒருவன்.

"எங்களை நினைச்சுப் பாத்தீங்களாக்கா?" என்றாள் தலைமை நர்ஸ். "வார்டுல எங்களை இந்தச் சட்டையில பாத்தா நோயாளி அங்கயே போயிடுவான்."

"வார்டுக்கு எதுக்குடி போட்டுக்கிட்டுப் போறே? இங்க வந்து மாத்திக்கோ."

பேக்கரிக்காரன் எழுந்தான். "அக்கா, யார் கால்லயும் விழமாட்டேன்னீங்க. கடைசியில எங்களைப் பெட்டியிலயே படுக்க வச்சிட்டீங்களே. எனக்கு வேண்டாம் இது."

அக்கா அவனைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"உன் ரொட்டியைத் தின்னவனும் ஒருநாள் அதுலதான் போறான், தின்னாதவனும் அதுலதான் போறான். நீ வேற எதுல போகப்போறே, ரொட்டிக்கூடையிலயா? அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாம முழுப் பணத்தையும் குடுத்தாரு. இவளை வெளியில நிறுத்து, அவளை உக்கார வைன்னு கேக்கல. வேற எவன் அப்படிக் குடுத்தான், பேர் சொல்லு."

அக்கா சட்டைகளை அணி அணியாகப் பிரித்து மேசை மேல் வைத்தாள்.

"முதல் ஆட்டத்தன்னைக்கு இந்தச் சட்டையோட நான் இங்க நிப்பேன். வர்றவன் வரலாம். ஒருத்தரும் வரலைன்னா எல்லா மேசையிலயும் நான் ஒருத்தியே ஆடறேன், வாடகை கட்டியாச்சு."

அன்றைக்கு ராத்திரி மகள் போன் செய்தாள். மாமனாருக்கு விஷயம் தெரிந்து, வீட்டில் தட்டு முட்டுச் சாமான்களெல்லாம் சத்தம் போடுகின்றன என்றாள். மற்ற யாரிடம் வேண்டுமானாலும் வீம்பு பிடிக்கலாம், பெண்ணின் வாழ்க்கையை வைத்து வீம்பு பிடிக்க முடியுமா?

"உனக்கு அங்க கஷ்டம்னா சொல்லுடி. அந்தச் சட்டையை நான் கழட்டிடறேன்."

மகள், "என் வீட்டை நான் பாத்துக்கறேம்மா. நீ கழட்டினா அப்புறம் என்னையும் ஒவ்வொண்ணாக் கழட்டச் சொல்லுவாங்க" என்றாள்.

இவள் யார் வயிற்றில் பிறந்தவள்?

முதல் ஆட்டத்தன்று மழை வசதியாகத் தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் வந்தார்கள். ஆனால் எல்லாரும் மேலே ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உள்ளே கறுப்புச் சட்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூலை நாற்காலியில் பெட்டிக்காரர் தலைவாரி வந்து உட்கார்ந்திருந்தார். பணம் கொடுத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று வாசலில் கேட்டுவிட்டு வந்த மனுஷன். அக்கா மட்டும் வெறும் சட்டையோடு, முதுகில் "எல்லா அளவிலும்" என்ற எழுத்தோடு நிமிர்ந்து நின்றாள். ஜாக்கெட்டுகளைப் பார்த்தாள். எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. போட்டிருக்கும் துணி மேசையிலிருக்கும் பந்தில் பட்டால் தப்பாட்டம். முறை எதிராளிக்குப் போய்விடும். பேக்கரிக்காரன் மேசை மேல் எட்டிக் குனிந்தான். ஜாக்கெட்டின் முனை தொங்கி மஞ்சள் பந்தை உருட்டியது.

"துணி பட்டுச்சு" என்றாள் எதிரில் ஆடிய நர்ஸ்.

அடுத்த முறை ஒரு கையால் ஜாக்கெட்டை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குச்சியைப் பிடிக்கப் பார்த்தான். அப்படிப் பிடித்து எவனும் பில்லியர்ட்ஸ் ஆடியதில்லை. மறுபடி பட்டது.

"என்னண்ணே, பிரசவ வலியா?" என்றாள் நர்ஸ்.

அவன் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான். உள்ளே கறுப்புச் சட்டை இருந்தது. "இப்பப் பாரு" என்று குனிந்து, அந்தப் பந்தைக் குழியில் தள்ளினான். நர்ஸ் தன் முறை வந்ததும் தானாகவே கழற்றினாள். ஆட ஆட, மேசைக்கு மேசை ஜாக்கெட்டுகள் இறங்கின. மூலையில் பெட்டிக்காரர் ஒவ்வொரு முதுகாகப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், ஆனால் விடாமல் படித்தார்.

அக்காவின் ஆட்டம் பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. சம்பந்தி. நனைந்த குடையை மடக்காமலே நேராக அவள் மேசைக்கு வந்தார். குச்சிகள் எல்லாம் நின்றன.

"ஊரே போன்ல போட்டோ அனுப்புது. என் சம்பந்தி முதுகுல சவப்பெட்டி. இதைக் கழட்டுங்க. பணம் ரெட்டிப்பாத் தர்றேன், இப்பவே."

"நான் ஆடறது?"

"அதை அப்புறம் உக்காந்து பேசுவோம்."

"அப்ப பணத்தையும் அப்புறமே பேசிக்கலாம்." அக்கா குச்சி நுனியில் சாக்பீஸைத் தேய்த்தாள். "உங்க மேல எனக்கு மரியாதை உண்டு சம்பந்தி. உங்க வீட்டுல என் பொண்ணு வாழறா. ஆனா இப்ப என் முறை. நீங்க வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் அவளைப் பார்த்தார். சுற்றியிருந்த கறுப்புச் சட்டைகளைப் பார்த்தார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை, யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைசியில் இரண்டடி ஒதுங்கி நின்றார்.

வெளிச்சம் மேசையில் விழுந்தது. அக்கா குனிந்தாள், நிதானமாகக் குறி பார்த்தாள், அடித்தாள். பந்து குழியின் வாய்வரை போய் அங்கேயே நின்றுவிட்டது.

சம்பந்தி லேசாக இருமினார்.

அக்கா நிமிர்ந்து, எதிராளிக்கு வழிவிட்டு, தன் நாற்காலிக்குப் போனாள். குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த முறையும் நான்தான் அடிப்பேன்" என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னாள்.