நாலரைப் பாக்கு வாங்கிய புத்தகம்

என் எழுத்து வாழ்க்கையில் ஏறக்குறைய ஒருமனதாக எல்லோரும் பாராட்டிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அதை நான் எழுதவில்லை என்பது மட்டும்தான் அதிலுள்ள குறை. எழுதிய மற்றவற்றில் குறை அவ்வளவு சுருக்கமாக அடங்காது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் அப்பா புத்தகம் கட்டும் கடை வைத்திருந்தார். பினாங்கின் காற்று மனிதர்களுக்கு எப்படியோ, புத்தகங்களுக்கு ஆகவே ஆகாது. கடலிலிருந்து வரும் ஈரம் தாளை ஊத வைக்கும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அந்தக் கரையானுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எந்தப் புத்தகமானாலும் அட்டையில் தொடங்கி, பேரும் ஆசிரியர் பேரும் அச்சிட்ட முதல் தாளைத்தான் முதலில் தின்னும். ஆகவே எங்கள் கடைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் பேர் இல்லாத புத்தகங்கள். 'அந்த விஷம் வெச்ச புஸ்தகம்', 'அந்தக் கஷாயப் புஸ்தகம்' என்று உள்ளே இருக்கும் சரக்கை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் பாய் விரிக்கப்படும். வந்து உட்காருபவர்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் துப்பறியும் நாவல்களைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். துறைமுகத்தில் கணக்கெழுதிய கிராணியாருக்கு வைத்திய நூல்கள்தான் உயிர். எந்த நூலை வாசித்தாலும் அதிலுள்ள நோய் அந்த வாரமே அவருக்கு வந்துவிடும். மூன்றாமவர் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா. துணியில் அளவு குறிக்கும் ஊதாப் பென்சில் எப்போதும் அவர் காதில் செருகியிருக்கும். அதை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் அவர் நாக்கு நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்குப் போல் இருக்கும். அப்பாவையும் சேர்த்தால் நான்கு. அப்பா புத்தகங்களை வாசிப்பார் என்று சொல்ல முடியாது. முகர்ந்து பார்ப்பார். விளிம்பு தாராளமாக விட்ட புத்தகம்தான் அவருக்கு நல்ல புத்தகம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் மெட்ராஸிலிருந்து பொதுவில் ஒரு புத்தகம் வரவழைப்பார்கள். எது என்பதுதான் அந்தப் பாயில் நடக்கும் வழக்கு. ஆளுக்கு ஒரு பாக்கு கையில் இருக்கும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். கேட்டு முடித்ததும் மனசுக்குப் பிடித்தவருக்கு முன்னால் பாக்கை வைத்துவிட வேண்டும். தனக்குத் தானே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வெட்கப்படாத ஒரு முகம் வேண்டும், அந்த முகம் கிராணியாருக்கு மட்டும்தான் இருந்தது. எந்தப் புத்தகம் வென்றதோ அதற்கு அப்பா மெட்ராஸ் கடைக்காரருக்குக் கடிதம் எழுதுவார்: 'முதல் தாள் இல்லை. கதை பின்வருமாறு போகும்.' அந்தக் கடைக்காரரும் சளைக்காமல் தேடிப்பிடித்து அனுப்புவார். தபாலாபீஸ் நானாவின் வழியில் இருந்ததால் கடிதம் போடுவது அவர் பொறுப்பு.

நான்கு கப்பலாக நானா தோற்றுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒரு கிஸ்ஸா, பாட்டாலேயே சொன்ன கதை. ஊரில் அவருடைய தாயார் மாவு இடிக்கும்போது அதைப் பாடுவார்களாம். பாதி வரைதான் அவருக்கு ஞாபகம். மீதியைக் கேட்பதற்குள் பன்னிரண்டு வயதில் கப்பலேற்றிவிட்டார்கள். அந்தப் பாதியைப் பாடிக் காட்டிவிட்டு, "இதுக்கு மேல தெரியாது" என்று நிறுத்துவார். கம்பவுண்டர் உடனே, "கொலை உண்டா நானா, அதைச் சொல்லுங்க" என்பார். ஆயினும் இந்த முறை நானாவுக்கே பாக்கு என்று எல்லோரும் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், அண்ணனால் வந்தேன். அந்த மாதம்தான் அவனுக்குப் பன்னிரண்டு நிறைந்து, பாயில் இடமும் கையில் பாக்கும் கிடைத்திருந்தன.

"நீ முழுசா ஒரு புஸ்தகம் படிச்சிருக்கியா? ஒண்ணு சொல்லு பார்ப்போம்" என்றான்.

அதில் நியாயம் இருந்தது. நான் முழுதாக எதையும் வாசித்ததில்லை. தைப்பதற்காகப் பிரித்துப் போட்ட தாள்கட்டுகளில் கைக்கு வந்ததை எடுத்து வாசிப்பேன். கொலை நடந்த பக்கம் கிடைக்கும், கொலைகாரன் கிடைக்க மாட்டான். மருந்து கிடைக்கும், நோய் வேறொரு தாள்கட்டுக்குள் இருக்கும்.

"உனக்குத் தெரியாத புஸ்தகம் ஒண்ணு நான் படிச்சிருக்கேன்" என்றேன். சொல்லும்போது அப்படி ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லி முடித்தபோது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு என்ன பாக்கு?" என்றான் அண்ணன்.

"பாக்கு நம்ம கையிலதானே இருக்கு. புள்ள பேசட்டும் லா" என்றார் கம்பவுண்டர். நானா நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

ஆரம்பித்துவிட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது. மூன்றாம் நாள் காலையில் கப்பல் சமையல்காரர் அடுப்படியில் செத்துக் கிடக்கிறார். கையில் கரண்டி. நாக்கில் பச்சை நிறம்.

"பச்சையா?" கம்பவுண்டர் நிமிர்ந்தார். "மயில்துத்தம்லா அது!"

ஆம் என்றேன். பூச்சி வராமலிருக்க அப்பா பசையில் துத்தம் கலந்துகொண்டிருந்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் நான் கொலையே செய்தேன்.

"கப்பல்ல வைத்தியர் யாரும் இல்லையா?" என்று கிராணியார் கவலையோடு கேட்டார்.

"இருக்கார். அவர்தான் வந்து நாடி பார்த்தார்."

"செத்தவனுக்கு என்ன நாடி? நீங்க போய்ப் படுத்தா பார்ப்பார்" என்றார் கம்பவுண்டர்.

"குறுக்கப் பேசாதீங்க அண்ணே!" என்று கிராணியார் கையை உயர்த்தினார். ஒருவர் மற்றவரின் புத்தகத்தைக் கேட்பதற்காகச் சண்டை போட்டதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

நான் வாயைத் திறந்தால் இவர்கள் கடலுக்குப் போகிறார்கள், மூடினால் காத்திருக்கிறார்கள். அப்பாவின் கை பசைக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. தெருவில் ரிக்ஷாக்காரன் மணியடித்துக்கொண்டு போனான், ஒருவரும் திரும்பவில்லை. கதையை நான் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கேயோ தைத்து வைத்திருக்கும் புத்தகத்தை யாரோ ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறார்கள், நான் வெறுமனே பார்த்து ஒப்பிக்கிறேன் என்று இருந்தது.

நானா மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கப்பல்ல பாட்டுப் பாடுற பொம்பள யாராச்சும் இருந்தாங்களா புள்ள?"

இருந்தாள் என்றேன். அந்த நொடி வரை இல்லை. மேல்தட்டில் ஒரு தாய் தினமும் பொழுது சாயும்போது ஒரு பாட்டைப் பாடுகிறாள். பாதியில் நிறுத்திவிடுகிறாள். மீதி அவளுக்கும் தெரியாது. அது செத்துப்போன சமையல்காரர் பாடிய பாட்டு. அதன் மறுபாதி அவருடைய கூட்டாளி ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன்தான் விஷம் வைத்தவன். அவன் அந்தக் கப்பலில்தான் இருக்கிறான். ஆகவே அவள் விடாமல் பாடுகிறாள். பினாங்குக் கரை தெரிகிற அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல் பாடி நிறுத்துகிறாள். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அவளுக்குப் பின்னால், கூட்டத்துக்குள்ளிருந்து, ஒரு குரல் மறுபாதியைப் பாட ஆரம்பிக்கிறது.

நிறுத்தினேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

"அப்புறம்?" என்றார்கள் நால்வரும்.

"கரையான் தின்னுடுச்சு."

வேறு ஊராயிருந்தால் அந்த இடத்தில் என்னை அடித்திருப்பார்கள். எங்கள் கடையில் அனுதாபப்பட்டார்கள். "முதல் தாளும் போச்சா?" என்று கேட்டார் அப்பா. போச்சு என்றேன். கிராணியார் பெருமூச்சு விட்டார். ஆளுக்கு ஒரு புத்தகத்தைக் கரையானுக்குக் கொடுத்தவர்கள். என்னை நம்புவது அவர்களுக்கு மிகச் சுலபமாயிருந்தது.

கம்பவுண்டரின் பாக்கு வந்தது. கிராணியார் தம் முகத்தையும் மறந்து தம் பாக்கை என் முன் வைத்தார். "தைக்கிறவன் இதுக்கு நல்ல விளிம்பு விட்டிருப்பான்" என்று சொல்லி அப்பாவும் வைத்தார். நானா கொஞ்ச நேரம் பாக்கை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்தவர்கள் யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. பிறகு அவரும் என் முன்னால் வைத்தார். அண்ணன் பாக்குவெட்டியை எடுத்துத் தன் பாக்கை இரண்டாக வெட்டி, பாதியைப் போட்டான்.

"மீதி கப்பல் வந்ததும்" என்றான்.

நாலரைப் பாக்கு. அந்தப் பாயில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் வாங்காதது. இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா எழுதிய கடிதத்தை நானா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் தரை வந்து சேர்ந்தது. மெட்ராஸ்காரர் அலமாரியெல்லாம் தேடுவார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதுவார். அதை அப்பா எல்லோர் முன்னாலும் உரக்க வாசிப்பார். அடி விழுமே என்பதல்ல என் பயம். அந்த நான்கு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களே என்பதுதான். நானாவின் கிஸ்ஸாவை நான் பிடுங்கித் தின்றது வேறு தொண்டையில் நின்றது.

"கப்பல் வரட்டும்" என்று அண்ணன் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் சொன்னான்.

கப்பல் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானா ஒரு தபால் கார்டோடு வந்தார். தபாலாபீஸில் கையோடு வாங்கி வந்துவிட்டதாகச் சொன்னார். அப்பாவின் இரண்டு கையிலும் பசை. "நீங்களே வாசிங்க" என்றார். நான் பிரித்துப்போட்ட தாள்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நானா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "ஐயா, தாங்கள் கேட்ட புத்தகம் இப்போது கைவசம் இல்லை. ஆசிரியர் முடிவை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடிந்ததும் தவறாமல் அனுப்பப்படும். பொறுத்தருளவும்."

அப்படியானால் அந்தப் புத்தகம் இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் மெட்ராஸில், நான் பார்த்தே இராத ஒரு பெரியவர் மேசைமேல் குனிந்து என் கப்பலை, என் பச்சை நாக்கை, பாடுகிற அந்தத் தாயை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடியாத புத்தகத்தைக் கரையான் எப்படித் தின்றிருக்கும் என்று கேட்க அண்ணனுக்குக்கூடத் தோன்றவில்லை. அவன் அந்த அரைப் பாக்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். பிறகு கார்டைப் பிடுங்கப் பார்த்தான்.

நானா அதை அவனுக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தார். "பேசி ஜெயிச்சவங்கதான் வெச்சுக்கணும்" என்று என்னிடம் கொடுத்தார்.

அடுத்த கப்பலுக்கு யாரும் பேசவே இல்லை. மற்ற நாலு பேர் பாக்கும் நானாவுக்கு விழுந்தது. கிஸ்ஸா வந்தது. மறுபாதியை அவர் அந்தப் பாயில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசித்தார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொலை இல்லையென்று கம்பவுண்டர் குறைப்படவில்லை.

கார்டை நான் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதன் ஸ்டாம்பில் ராஜா தலை இருந்தது. அடியில் இங்கிலீஷில் ஊர்ப்பேர். எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. மெட்ராஸ் ராஜாவும் எங்கள் ராஜாவும் ஒருவரேதான் என்பதால் தலையைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எழுத்து ஊதா நிறத்தில் இருந்தது. மெட்ராஸில் எவ்வளவு அழகான மை விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊர்ப்பேரை எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குள் நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறியிருந்தார்.

ஆனால் அவர் இருந்தவரை ஒவ்வொரு கப்பல் வந்ததும் எங்கள் கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவார். அப்பாவை அல்ல, என்னை.

"என்ன புள்ள, எழுதி முடிஞ்சுச்சா?"

வயதாகிறது, மறதி, என்று நான் பரிதாபப்படுவேன். முடிவு என்னவாயிருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததுகூட இல்லை. பெரியவர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போவது மரியாதையா?

"என்னைக் கேட்டா எப்படி நானா?" என்பேன். "அங்க அவங்கதானே எழுதணும்!"

"ஆமா ஆமா" என்பார் நானா. "அவங்கதான் எழுதணும்."

காதிலிருந்த ஊதாப் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடைக்குப் போய்விடுவார்.