ராகு காலத்தில் ஒரு வானியல் அட்மிஷன்

1. தொழில்

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் நிறையப் பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறேன். வேன் ஓட்டி.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் தங்கப்பாண்டி அண்ணாச்சி கல்வி வழிகாட்டி மையம் வைத்திருந்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளை என்ன மார்க், அப்பா போன் நம்பர் என்ன என்பதெல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். எப்படி வரும் என்று நான் கேட்டதில்லை. போன் செய்வார். மசிந்தவர்களை வேனில் ஏற்றிக் காலேஜுக்குக் கொண்டுபோவோம். பிள்ளை சேர்ந்தால் காலேஜ்காரர்கள் அண்ணாச்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பார்கள். எனக்கு பேட்டா.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்.

"ஏலே, சீக்கிரமும் போகக் கூடாது, பிந்தியும் போகக் கூடாது. காலேஜ்காரன் பந்தி போடுத நேரத்துக்குக் கரெக்டா உள்ள நொழையணும். பசியோட எறங்குதவன் கட்டடத்தப் பாக்க மாட்டான். இலையத்தான் பாப்பான். சாப்பிட்டு ஏப்பம் விடும்போது பேப்பர நீட்டணும். தின்ன எடத்துல வேண்டாம்னு சொல்ல நம்ம ஆளுகளுக்கு வாய் வராது."

உண்மைதான். பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகு மறுத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. கையெழுத்து வாங்கும்போதே டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினலையும் வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். அப்புறம் வேறு எங்கே சீட் கிடைத்தாலும் போக முடியாது. ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டால், முழுப் படிப்புக்கும் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்பார்கள். அண்ணாச்சி இதை 'லாக்' என்பார்.

2. நோட்டீஸ்

நம் கடற்கரையில் ராக்கெட் தளம் வருகிறது என்று பேச்சு கிளம்பியதும், நான்கு வழிச் சாலையில் வடக்கே இருந்த ஒரு தனியார் காலேஜ் விழித்துக்கொண்டது. பேர் வேண்டாம். ஆள் சேராத ஒரு கோர்ஸை மூடினார்கள். அதே ரூமில் வேறு போர்டு மாட்டினார்கள். பி.எஸ்சி. வானியல் மற்றும் விண்வெளி. நான் சொல்வது அதில் முதல் செட் படித்து வெளியே வந்த பிறகு நடந்தது.

நோட்டீஸ் அண்ணாச்சிதான் அடித்தார். மேலே வளையத்தோடு சனிக்கோள். நடுவில் சேர்மன், கும்பிட்டபடி. கீழே 'நூறு சதவீத ஸ்காலர்ஷிப்'.

ஸ்காலர்ஷிப் பொய்யில்லை. டியூஷன் பீஸுக்கு முழுசாக உண்டு. டியூஷன் பீஸ்தான் கொஞ்சம். வளர்ச்சிக் கட்டணம், லேப் கட்டணம், பஸ் கட்டணம், வான்நோக்குக் கட்டணம் எல்லாம் நோட்டீஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

அதைப் பார்த்து போன் செய்தவர் சண்முகத்தாய். குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் உப்பளத்தில் லோடு ஏற்றுகிறவர். கரிசல் காட்டில் மிளகாய் போட்டு, வத்தலாக்கி, மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பதெல்லாம் சண்முகத்தாய்தான். ஒரே மகள் பவித்ரா. கவர்மெண்ட் ஸ்கூலில் நல்ல மார்க் எடுத்தவள். வானியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். அந்த வீட்டுக்கு நோட்டீஸ் சாமி வரம் கொடுத்த மாதிரி வந்தது.

3. வேனுக்குள்

வெள்ளிக்கிழமை. கழுகுமலையில் ஏற வேண்டிய இரண்டு குடும்பம் காலையிலேயே வரவில்லை என்று சொல்லிவிட்டது. கழுகுமலை சுற்றிப் போகிற நேரம் மிச்சம். வேனில் தாயும் மகளும் மட்டும். முன்சீட்டில் அண்ணாச்சி.

ஊர் எல்லை தாண்டியதுமே மகள் ஆரம்பித்தாள்.

"எம்மா, திங்கக்கெழம கவர்மெண்ட் காலேஜ்ல கவுன்சிலிங். ஒரிஜினல இங்கன குடுத்துட்டா அங்கன என்னத்தக் காட்ட?"

"நீதான ஏட்டி வானம் வானம்னு உசுர எடுத்த?"

"இப்பவும் அதான் கேக்கேன். அதுக்கு மொதல்ல பிசிக்ஸ் படிக்கணும். அப்புறம் பரீட்ச எழுதி மேல போகணும். பெரிய டெலஸ்கோப் வச்சிருக்கிற எடத்துல வேல பாக்கவிய அம்புட்டுப் பேரும் பிசிக்ஸ்தான். போன்ல பாத்தேன்."

"போன்ல வத்தல் வெலயுந்தான் போடுதான். அந்த வெலைக்கு ஒருத்தன் எடுக்கானா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"தாயி, பிசிக்ஸ் ஊருக்கு ஊரு கெடக்கு. வானம் இங்கன மட்டுந்தான்."

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. ஒரிஜினல் இருந்த பையை அம்மா மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சண்முகத்தாய் அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி என் காதோரம் குனிந்தார். "ஏலே, மிதிச்சு ஓட்டு. இந்தப் பிள்ளையப் பேசவிட்டா தாயி மனசு மாறிரும்."

மிதித்தேன். பந்திக்கு வெகுநேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

4. போர்டு

அட்மிஷன் கவுண்டர் மூடியிருந்தது. மேலே போர்டு. 'ராகு காலத்தில் அட்மிஷன் இல்லை. சேர்மன் உத்தரவு.' வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அண்ணாச்சி எப்போதும் வெள்ளிக்கிழமைதான், அதுவும் பன்னிரண்டு தாண்டித்தான் கூட்டிவருவார். அதனால் இந்தப் போர்டை நாங்கள் கண்டுகொண்டதே இல்லை.

அண்ணாச்சி கவுண்டர் கதவைத் தட்டினார். உள்ளே இருந்த கிளார்க் இளவட்டம். நெற்றியில் குங்குமம்.

"தம்பி, துட்டு அப்புறம் வாங்கு. ஒரிஜினல மட்டும் இப்ப வாங்கி வையி."

"ஆத்தாடி. போன வருசம் ராகு காலத்துல வாங்குன அட்மிஷன் ஒண்ணு கேன்சலாயிட்டு. சேர்மன் எஞ் சம்பளத்துல கைவச்சாரு. எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

பவித்ரா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வானியல் சொல்லித்தாற காலேஜ்ல ராகு காலமா சார்?"

"ராகுவும் வானத்துலதான பாப்பா இருக்காரு?"

"இல்ல சார்."

கிளார்க் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாச்சி என்னை முறைத்தார். "ஏலே, ஒன்ன யாரு இப்படிப் பறந்து வரச் சொன்னா?"

முதலாளி மறந்ததை டிரைவர் ஞாபகப்படுத்தக் கூடாது.

சண்முகத்தாய் எழுந்தார். "சும்மா உக்காந்து என்ன செய்ய? ஒரு சுத்து பாத்துட்டு வாரேன்."

"வெயில்ல எங்கன தாயி போறிய? ஜூஸ் வருது."

"வத்தல் வாங்குதவன் மூட்டைய மேல பாத்தா வாங்குதான் அண்ணாச்சி? கைய உள்ள விட்டு அடியில கெடக்கத எடுத்துல்லா பாக்கான்."

இரண்டு பேரும் கிளம்பினார்கள். அண்ணாச்சி என்னைத் தள்ளிவிட்டார். "பின்னாலயே போ. யாரு கூடவும் பேசவிடாத."

பின்னாலேயே போனேன். பேசவிடாமல் தடுப்பது எப்படி என்று அவர் சொல்லித்தரவில்லை.

5. மூட்டைக்குள் கை

முதலில் டெலஸ்கோப். சேர்மன் ரூம் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. மாலை போட்டிருந்தது. மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். காவலுக்கு இருந்தவரிடம் சண்முகத்தாய் கேட்டார்.

"இத எப்பய்யா எடுப்பிய?"

"ஆயுத பூசைக்கு எடுத்துத் தொடைப்போம்மா."

பவித்ரா குனிந்து பார்த்தாள். முன்கண்ணாடி மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அம்மாவிடம் காட்டினாள்.

அடுத்து வராந்தாவில் ஒரு பையன். வானியல் இரண்டாம் வருடம்.

"ஏய்யா, நோட்டீஸ்ல வான்நோக்குக் கட்டணம்னு போட்டிருக்கே. ராத்திரி வானத்தக் காட்டுவாகளோ?"

"காலேஜ் பஸ்ஸு நாலரைக்குக் கெளம்பிருமே. ராத்திரி எங்கன இருக்க? வகுப்புல படம் போட்டுக் காட்டுவாக."

"அதுக்கா கட்டணம்? எங்க வீட்டு மச்சில ஏறிச் சும்மாதான பாக்கா இவ. ஏன்யா, ஒனக்கு முன்னால படிச்சு முடிச்சவன்லாம் எங்க இருக்கான்?"

"எல்லாரையும் தெரியாது. ஒருத்தர் இங்கனதான் இருக்காரு. மொத செட்டு. கோல்டு மெடல்."

"எங்க?"

"அட்மிஷன் கவுண்டர்ல."

சண்முகத்தாய் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வகுப்பு. உள்ளே ஒரு சார் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். வானியல் நடத்துகிறவர் அவர்தான். சண்முகத்தாய் வாசலில் நின்றே கேட்டார்.

"சார், நீங்க என்ன படிச்சிய?"

சார் என்னைப் பார்த்தார். நான் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன்.

"பிசிக்ஸ்மா. கவர்மெண்ட் காலேஜ்."

"வானம் படிக்கலையா?"

"பிசிக்ஸ் தெரிஞ்சாத்தான் அது புரியும். மேல படிக்கும்போது அது தனியா வரும்."

"ஒங்க கூட வானம் நடத்துதவிய?"

"ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களும் பிசிக்ஸ்தான்."

"ஒங்க பிள்ளையா இருந்தா இங்கன சேப்பியளா சார்?"

சார் சிவப்புப் பேனாவை மூடினார். "எனக்கு இங்கதான்மா சம்பளம்," என்றார்.

சண்முகத்தாய் தலையாட்டினார். வராந்தா முடியும் வரை நடந்தார். பிறகு பையை மகள் கையில் கொடுத்தார்.

"நீயே வச்சிக்கோ. திங்கக்கெழம எத்தன மணிக்கு அங்க நிக்கணும்?"

6. பந்தி

பன்னிரண்டு மணிக்குக் கவுண்டர் திறந்தது. கோல்டு மெடல் ஊதுபத்தி காட்டினார். பந்தியில் இலை விழுந்தது. சாம்பார், வடை, பாயசம்.

"தாயி, மொதல்ல சாப்பாடு," என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. தின்னுட்டு இல்லன்னு சொல்ல எனக்கு ஏலாது. திங்காமச் சொல்லிட்டுப் போயிருதேன். இங்கன சேக்கல."

அண்ணாச்சி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"வண்டி போட்டுக் கூட்டியாந்திருக்கேன். வெளாட்டா இருக்கா? பொம்பளப் பிள்ளைக்கு மூணு வருசம் கழிச்சு வேல யாரு குடுப்பா, அந்த கவர்மெண்ட் காலேஜா?"

"இங்கன படிச்சவருக்கு ஒங்க கவுண்டர்தான குடுத்திருக்கு," என்றார் சண்முகத்தாய்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இவியள ஏத்தாத. பஸ்ல வரட்டும்."

வேன் அவருடையது. நான் ஏற்றவில்லை. தாயும் மகளும் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். பை மகள் நெஞ்சோடு இருந்தது. இரண்டு இலை சும்மா கிடந்தது. ஒன்றில் நான் சாப்பிட்டேன். பசி.

7. பிறகு

பவித்ராவுக்குத் திங்கட்கிழமை பிசிக்ஸ் சீட் கிடைத்தது. சண்முகத்தாயை வத்தல் மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். டியூஷன் பீஸ் கிடையாது. கவர்மெண்ட் ஸ்கூலில் படித்த பெண் பிள்ளை என்று மாதம் ஆயிரம் வந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு மத்திய அரசு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள். கிடைத்தது. அரசாங்க வேகத்தில் வந்தது. அந்தக் காலேஜிலும் குறை உண்டு. லேபில் பாதி சாமான் வேலை செய்யாது. ஒரு பேப்பருக்கு வருடம் பாதிவரை சார் இல்லை. படித்துக்கொண்டாள்.

மூன்று வருடம் முடிந்ததும் அகில இந்தியப் பரீட்சை எழுதினாள். முதல் தடவையே தேறினாள். வெளி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு. வானியல்தான். ஹாஸ்டல் உண்டு. மாதாமாதம் அவர்களே பணம் தருகிறார்கள். அதில் வீட்டுக்கும் அனுப்புகிறாளாம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். நம்பவில்லை.

"படிக்கதுக்கு அவன் துட்டு குடுக்கானா? பிள்ள கட்ட வேண்டாமா?"

"வேண்டாமாம்."

"அப்ப சேத்துவிட்டவனுக்குக் கமிஷன்?"

"சேத்துவிட ஆளே கிடையாது அண்ணாச்சி. பரீட்ச மட்டுந்தான்."

"அப்ப அது நல்ல காலேஜா இருக்காதுலே," என்றார்.

அவர் அதை மனசார நம்பித்தான் சொன்னார். அடுத்த சீசனுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். சனிக்கோளை இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார். நான் கணக்கு முடித்துக்கொண்டு ஸ்கூல் பஸ் ஓட்டப் போய்விட்டேன்.

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேன்காரன் சொல்வது இவ்வளவுதான். நல்ல காலேஜ் உனக்கு போன் செய்யாது. தாயி என்று கூப்பிடாது. சாப்பாடு போடாது. கவுண்டரில் எரிந்து விழுவார்கள். ஒரு ஜெராக்ஸ் குறைந்தால் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் போ. ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் காசில் பஸ் ஏறிப் போ.