பெரிய கை, சின்ன கை

என் அக்கா புருஷனுக்கு 'ரெண்டும்' என்று பேர் வைத்தவர் பக்கத்துச் சலூன்காரர். பொருத்தமான பேர்தான். மாமா மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு குடையும் பிடிப்பார். கடையில் உட்கார்ந்தால் காப்பியும் சொல்வார், டீயும் சொல்வார்; எதை முதலில் குடிப்பது என்று யோசித்தே ரெண்டையும் ஆறவைப்பார். அவர் தைத்த பேன்ட் இடுப்பில் இறுக்கும், காலில் தொளதொளக்கும். "டைட்டா லூசான்னு கஸ்டமர் சொல்லல, அதான் ரெண்டும் வெச்சுட்டேன்" என்பார். இந்த மனிதருக்கு வாய்த்தவள் என் அக்கா. அவளுக்கு எதிலும் ஒன்று போதும்.

அந்தக் கட்டடத்து மாடியில் மாமாவின் தையல் கடை, சலூன், வாட்ச் ரிப்பேர் கடை. லீவு நாள் மத்தியானத்தில் துணி வெட்டும் மேஜையைக் காலி பண்ணிச் சீட்டாடுவார்கள். எலக்ட்ரீஷியனான நான் சீட்டுப் போடுவேன். காசு கிடையாது, சட்டைப் பட்டன்தான். ஆட்டம் போக்கர், ஆனால் ஜெயித்ததை ரெண்டாகப் பங்கு போடும் போக்கர். நடுவில் சேர்ந்ததில் பாதி பெரிய கைக்கு, பாதி சின்ன கைக்கு. ஆளுக்கு ஏழு சீட்டு. அதில் அஞ்சைப் பொறுக்கி ஜோடி, வரிசை என்று பெரிய கை சேர்க்கலாம். இல்லையென்றால் ஜோடி விழாத குட்டிச் சீட்டாகப் பொறுக்கிச் சின்ன கை சேர்க்கலாம். அது வரிசையாக இருந்தாலும் குற்றமில்லை.

எதற்குப் போட்டி போடுகிறோம் என்று வாயைத் திறக்கக் கூடாது. மேஜைக்கு அடியில் கையை மூடிக்கொண்டு, எல்லாரும் ஒரே சமயத்தில் மேலே கொண்டுவந்து விரிக்க வேண்டும். வெறுங்கை என்றால் சின்னது, ஒரு பட்டன் என்றால் பெரியது, ரெண்டு பட்டன் என்றால் ரெண்டும். ஒரு பக்கத்தைக் கேட்க ஆளே இல்லையென்றால் அதுவும் மறுபக்கம் ஜெயித்தவருக்கே. ஆனால் ரெண்டும் கேட்டவர் ஒரு பக்கம் தோற்றாலும் மொத்தமும் போச்சு. மாமா எப்போதும் ரெண்டு பட்டன். எப்போதும் உள்ளதும் போச்சு.

இப்படி இருக்கும்போது கீழ்த்தளம் காலியானது. தெருவைப் பார்த்து ஒரு பெரிய அறை, பின்னால் ஒரு சின்ன அறை. மூன்று பேருக்கும் ஆசை. வீட்டுக்கார அம்மா, "நீங்களே பேசி முடிங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்று கழன்றுகொண்டார். பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் வாட்ச்காரர் வழி சொன்னார். ஒரே ஆட்டம்: பெரிய கைக்கு முன் அறை, சின்ன கைக்குப் பின் அறை, தோற்றவர் மாடியிலேயே கிடக்க வேண்டியது.

மற்றவர்களுக்கு வியாபாரம். மாமாவுக்கு அப்படியில்லை. கடையில் காஜா எடுப்பது அக்கா. அவளுக்கு முட்டி தேய்ந்துபோய், படி ஏறக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் கம்பியைப் பிடித்து, நின்று நின்று ஏறிக்கொண்டுதான் இருந்தாள். அன்று காலை மாமாவிடம் சொன்னாள்: "ஏங்க, ஏதாவது ஒண்ணைக் கேளுங்க. பின்னால இருக்கிற பொந்து போதும். உங்க ரெண்டும் வேலைய இன்னிக்கு மட்டும் வெச்சுக்காதீங்க."

"சரி, சரி" என்றார். எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

சீட்டுப் போட்டுவிட்டு மாமா பின்னால் போய் நின்றேன். பகீரென்றது. ஏஸ், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு! கூட ஒரு ஒன்பது, ஒரு ஜாக்கி. ஏஸுக்கு ஒன்று என்றுதான் கணக்கு; சின்ன கைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. பின் அறை கைக்குள் வந்தாச்சு. ஆனால் பாழாய்ப்போன அதே அஞ்சும் வரிசையாயிற்றே, பெரிய கைக்கும் ஆகுமே! ஒரே ஜாதிச் சீட்டு அஞ்சு சேர்ந்தால் வரிசையை அடித்துவிடும்; யாரிடமாவது அஞ்சும் ஆர்ட்டினாக இருந்தால் ஒழிந்தது. அதையெல்லாம் இந்த மனிதர் என்றைக்குப் பார்த்தார்? மேஜைக்கு அடியில் பட்டன் கிலுகிலுத்தது. மாமாவின் காதோரம் வியர்வை வழிந்தது. மிஷின் பக்கத்தில் அக்கா ஊசியைத் துணியில் குத்தியபடியே உட்கார்ந்திருந்தாள்.

விரித்தார்கள். சலூன்காரர் வெறுங்கை. வாட்ச்காரர் வெறுங்கை. மாமா... வெறுங்கை.

மூவரும் சீட்டைத் திருப்பிக் காட்டினார்கள். சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ராணி ஜோடி வெச்சிருந்தேன்யா! பெரிசைக் கேட்டிருந்தா முன் ரூம் எனக்குத்தான். நீ ரெண்டும் கேப்பேன்னு பயந்துல்ல சின்னதுக்குப் போனேன்!"

வாட்ச்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சின்னது டெய்லருக்கு. பெரிசைக் கேக்க ஆளில்ல, அதுவும் டெய்லருக்கு."

வாழ்நாளெல்லாம் ரெண்டும் கேட்டுக் கேட்டு அடி வாங்கியவர், ஒன்று கேட்ட அன்று ரெண்டும் மடியில் விழுந்ததும் திருதிருவென்று முழித்தார். பிறகு, "பின் ரூம் போதும் எனக்கு. முன் ரூமை நீங்க பாத்துக்கங்க" என்றார். அவர்கள் இருவரும் அந்த நிமிஷமே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காவுக்குச் சீட்டாட்டம் ஒரு மண்ணும் தெரியாது. "என்னடா ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"ரெண்டும் கேக்கிற சீட்டுதான்க்கா வந்துச்சு. பெரிசு போனா எல்லாம் போயிடும்னு, உனக்காக நிச்சயமான சின்னதை மட்டும் கேட்டாரு." இந்த மனிதரைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மாமாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.