நேரில் வந்தால்தான் துணி

ஜீவமணி டீச்சர் ஒரு சட்டம் போட்டால் போட்டதுதான். தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள். தனிக்கட்டை. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷம், துணிக்கு நாடே தவித்த நேரத்தில், சபைப் பெண்கள் ஏழைகளுக்குச் சேலை கொடுக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலத்துக் கரிவாயு பஸ்ஸில் மூட்டையை ஏற்றிக்கொண்டு சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களுக்குப் போவாள்.

முதல் ஊரிலேயே ஒருத்தி இல்லாத தங்கச்சியின் பேரைச் சொல்லி இரண்டாவது சேலை வாங்கிப் போய்விட்டாள். டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. இனி பேர் உள்ளவள் நேரில் வந்து நின்றால்தான் துணி என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஊரில் வடிவம்மாள் வந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தவன். வீட்டில் அவளும் மகள் பகவதியும் மட்டும்.

"மவ எங்க?"

"மேலுக்குச் சொகமில்ல, டீச்சரம்மா. அவளுக்கும் சேத்துக் குடுத்துருங்க."

வரிசையில் நின்ற ஒருத்தி முந்திக்கொண்டாள். "நேத்து கருப்பட்டி காய்ச்சுத எடத்துல நல்லாத்தான நின்னா?"

வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏளா, தருமத்துக்கு வந்த துணியைப் பொய் சொல்லியா வாங்குவ?" அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் ஜீவமணி கேட்டாள். "ரெண்டு பேருக்கும் கிடையாது. போ."

வடிவம்மாள் திரும்பிப் போனாள். ஊரே பார்த்தது. கண்டிப்பாக இருந்துவிட்டோம் என்று ஜீவமணிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட.

மூட்டையில் பாதி தீர்ந்திருக்கும். ஒரு பெண் வேகமாக வந்து வரிசைக்கு முன்னால் நின்றாள். பதினெட்டு வயதிருக்கும்.

"நாந்தான் பகவதி. வந்துட்டேன்."

"நோவுன்னு சொன்னாளே உங்கம்மை? சரி, அவளையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் சேந்து நின்னு வாங்கிக்கிடுங்க."

"அம்ம எப்பிடி வருவா, டீச்சரம்மா? சேல எம்மேலல்லா கெடக்கு."

அப்போதுதான் ஜீவமணி பார்த்தாள். இடது தோளில் சாக்குத் துண்டு வைத்து ஒட்டுப்போட்ட சேலை. கோணல் தையல். காலையில் வடிவம்மாளின் தோளில் அதே தையலைப் பார்த்து, ஊசி பிடிக்கத் தெரியாதவள் என்று மனதுக்குள் நினைத்திருந்தாள். முந்திக்கொண்டு பேசியவளும் இப்போது மண்ணைப் பார்த்து நின்றாள்.

ஜீவமணி இரண்டு சேலையை எடுத்து நீட்டினாள். பகவதி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அம்மைக்குள்ளத அம்ம நேர்ல வந்து வாங்கிக்கிடுவா. அதான சட்டம்?"

வெயில் சாயும்வரை வடிவம்மாள் வரவில்லை. ஜீவமணியே சேலையை எடுத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போனாள். என்ன சொல்லிக் கொடுப்பதென்று வழியெல்லாம் யோசித்துப் போனவள், வாசலில் சேலையை மட்டும் நீட்டினாள்.

வடிவம்மாள்தான் பேசினாள். "நீங்க தெரிஞ்சா செஞ்சீய? போவட்டும், விடுங்க. வெயில்ல வந்திருக்கீய, தண்ணி குடிங்க."

வைதிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தத் தண்ணீரைத்தான் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு ஜீவமணி யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. வீடு வீடாகப் போவாள். கதவை லேசாகத் தட்டி, துணியை வாசலில் வைத்துவிட்டு, முகம் திருப்பி நிற்பாள். இரண்டு கேட்டால் இரண்டு.

மூன்று வருஷம் கழித்துச் சபைக் கூட்டத்தில் செயலாளர் தேவதாசன் அவளைப் புகழ்ந்து பேசினார். ஏழைகளின் மானம் அறிந்து வாசலுக்கே போய்க் கொடுக்கும் குணம் டீச்சருக்குப் பிறவியிலேயே வந்தது என்றார். எழுந்து நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜீவமணி நாற்காலியின் கையைப் பிடித்தாள். எழவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை.

"என்ன அடக்கம் பாரு டீச்சருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.