கடைசியாகப் பிடிபட்ட எலிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தம்மாவுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘இன்னொரு தடவை’. எந்தச் சோதனை எப்படி வந்தாலும் அவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். முகத்துக்கு நேரே மேடம் என்போம். நான் அங்கே எலிக்கூடத்தின் பதிவேடுகளை முப்பத்திரண்டு வருடம் எழுதினேன். அதில் இருபத்தாறு வருடம் அவருடைய எலிகளும் சேர்த்தி. இதில் வரும் தேதிகளும் எண்ணிக்கைகளும் அந்தப் பதிவேடுகளில் உள்ளவை. மற்றவை அவரும் அவருடைய அக்காவும் சொன்னவை, அல்லது நான் பக்கத்தில் இருந்து கேட்டவை.

அவருக்கு ஏழு வயதில், இரண்டு வயது மூத்த அக்காவுக்குச் சின்னம்மை வந்தது. இருவரும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள் படுப்பவர்கள். அக்காவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். தங்கைக்கு ஒன்றுகூட இல்லை. தனக்கு எப்போது வரும் என்று இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாராம். வரவில்லை. மருந்துக்கடை வைத்திருந்த அப்பாவிடம் காரணம் கேட்டதற்கு, “உன் அதிர்ஷ்டம்” என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. உடம்பு நோயை எப்படி எதிர்க்கிறது என்று படிக்கப் போனார். அக்கா தையற்கடை வைத்தார். “எனக்கு வந்த அம்மையை வச்சு இவ டாக்டர் பட்டம் வாங்கிட்டா. எனக்கு மூக்கு நுனியில ஒரு பள்ளந்தான் மிச்சம்” என்பது அக்கா எல்லோரிடமும் சொல்வது.

எங்கள் கூடத்துக்கு அவர் வந்தபோது வயது முப்பத்துநான்கு. தற்காலிக வேலை, வருடா வருடம் நீட்டிப்பார்கள். இரண்டாம் மாடியில் கடைசி அறையைக் கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு குளிர்பெட்டிகள், சுற்றும்போது மேசையையும் சேர்த்து ஆட்டும் ஒரு சுழற்சி இயந்திரம். அவர் நம்பியிருந்தது ஒரு சின்னப் புரதத்தை. அதை உண்டாக்கும் மரபணுவைப் பிரித்து, பாக்டீரியாவுக்குள் ஏற்றி, குடுவை குடுவையாக வளர்த்து, புரதத்தைச் சுத்தமாக எடுக்கவே மூன்று வருடம் ஆனது. தடுப்பூசியோடு அதையும் சேர்த்துப் போட்டால், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் கூடுதலாக ஊறும் என்பது அவருடைய எண்ணம். அதைத்தான் எலிகளில் பார்த்தார்.

எலிகளைப் பிடித்துக் காதில் துளையிட்டு எண் கொடுப்பவரைப் பூனை என்று கூப்பிடுவோம். அவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். தொலைபேசியை எடுத்தால், “பூனை பேசறேன்” என்பார். ஒரு பெட்டிக்குப் பத்து எலி. முதலில் கையில் சிக்குவது ஒன்றாம் எண், கடைசியில் சிக்குவது பத்தாம் எண். பனிக்கட்டியிலிருந்து எடுத்த புரதம் சூடாகிவிடக் கூடாது என்பதால், ஒன்று முதல் ஐந்து வரைக்கும் உடனே புரதம் சேர்த்த ஊசி. மற்ற ஐந்துக்கும் பிறகு வெறும் தடுப்பூசி. ஐந்து வாரம் கழித்து இரத்தம் எடுத்து அளப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் நடந்தது. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

பதினோரு தொகுதி முடிந்தது. பத்தில், புரதம் பெற்ற எலிகளுக்கு எதிர்ப்பொருள் இரண்டேகால் மடங்கு. ஏழாவது தொகுதியில் மட்டும் தலைகீழாக வந்தது. கெட்டுப்போன புரதம் எலிகளைப் படுத்தியிருக்கும் என்று எழுதி அதை ஒதுக்கிவைத்தார். கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அது அச்சில் வந்ததும் வேலை நிரந்தரம் என்று இயக்குநர் சொன்னார். அப்போது மேடத்துக்கு நாற்பத்தொன்று. ஏழாவது நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை அச்சுப்படி வந்தது. பத்து நாளில் திருத்தி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க மேடம் கீழே இறங்கி வந்தார்.

“ஏழாவதுல புரதம் கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்கேன். அன்னிக்குக் குளிர்பெட்டி நின்னுச்சா, பாருங்க சார்.”

பார்த்தேன். மூன்று வேளையும் மைனஸ் இருபது. மின்சாரமும் போகவில்லை.

“நிக்கல மேடம். ஆனா குறிப்புல ஒண்ணு இருக்கு” என்று வாசித்தேன். ‘பூனை விடுப்பு. மாற்று ஆள் ஊசித் தட்டைத் திருப்பி வைத்துவிட்டார். ஆறு முதல் பத்து வரை புரதம். ஒன்று முதல் ஐந்து வரை வெறும் தடுப்பூசி.’ மாடிக்கு மேடத்திடம் போகும் தாளில் எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்பது மட்டும்தான் இருக்கும். எலிகளின் எண் இருக்காது.

மேடம் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பூனையைக் கூப்பிட்டார்.

“அண்ணே, பெட்டிக்குள்ள கைய விட்டா முதல்ல எது சிக்கும்?”

“சாதுவானது. கைய மோந்துக்கிட்டு நிக்கும். பூப்போல தூக்கிடலாம்.”

“கடைசியில?”

“அதெல்லாம் பயந்தாங்கொள்ளி. மூலையில ஒண்டும், துள்ளும், கடிக்கும். கடைசி ரெண்டைப் பிடிக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடும்.”

“எப்பவுமே இப்படித்தானா?”

“பன்னெண்டு வருஷமா இப்படித்தான். ஏன் மேடம், இதெல்லாம் நீங்க கேக்கவே மாட்டீங்களே.”

“கேட்டிருக்கணும்ணே.”

விஷயம் அவ்வளவுதான். ஏழாவதில் புரதம் பெறாத சாது எலிகளுக்குத்தான் எதிர்ப்பொருள் கூடியிருந்தது; மற்றப் பத்துத் தொகுதிகளிலும் சாதுவான எலிகள் எல்லாம் ஒரு குழுவிலும், பயந்த எலிகள் எல்லாம் இன்னொரு குழுவிலும் போய்ச் சேர்ந்திருந்தன. எதிர்ப்பொருளைக் கூட்டியது புரதமா, குறைத்தது பயமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் அவர் நேரே அக்காவின் கடைக்குப் போனார். அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாராம். “தப்பா வெட்டிட்டேன்னு தெரிஞ்சா நான் அதோட நிறுத்திடுவேன். தைச்சுக் குடுத்துட்டா ஒருத்தி அதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடப்பா. பாக்கறவங்க எல்லாம் தைச்சது யாருன்னு கேப்பாங்க” என்றார்.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

“பதினொண்ணுல பத்து சரியா வந்திருக்கு. அந்த ஒண்ணைப் போய்ப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க” என்றார் இயக்குநர்.

“அந்த ஒண்ணுதான் சார் உண்மையைச் சொல்லுது.”

“இது அச்சுல வரலேன்னா நிரந்தரம் பத்தி என்னால பேச முடியாதும்மா. எத்தனை வருஷம் ஆகும்னும் தெரியாது.”

“தெரியும் சார். எனக்கு இன்னொரு தடவை பண்ணிப் பாக்கணும்.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். “சரி, கடிதத்தை எழுதிக் கொண்டாங்க. நீட்டிப்புல நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருக்கேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் எனக்கும் ஏதாவது வேலை வேணுமில்ல” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் பன்னிரண்டாம் தேதி போனது.

எந்த எலிக்கு எந்த ஊசி என்பதை இனிச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வது என்று மேடம் சொன்னார். அக்கா கறுப்பு லைனிங் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தார். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. “எலி பிடிக்கற எடத்துல குலுக்கல் சீட்டா? பரிசு யாருக்கு, எலிக்கா எனக்கா?” என்று பூனை ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு பையை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

பன்னிரண்டு தொகுதி, ஒரு நேரத்தில் இரண்டாக, முப்பது வாரம் ஓடியது. இரண்டேகால் மடங்கு ஒன்றேகால் மடங்காகச் சுருங்கியது. புரதம் வேலை செய்தது, ஆனால் கொஞ்சந்தான். அது சின்ன இதழ் ஒன்றில் நாலு பக்கக் கட்டுரையாக வந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வருடம் ஆனது.

அவர் அந்த மூன்று வருடமும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஏனென்றால் கடைசியாகப் பிடிபட்ட எலிகளைத் தனியாக எடுத்துவைத்து, பயம் எந்த மரபணுவை அடக்கி எதிர்ப்பொருளைக் குறைக்கிறது என்று தேட ஆரம்பித்திருந்தார். மீதிப் பத்தொன்பது வருடமும் அந்த வேலையில்தான் போனது. ஒரு பகுதிக்கு விடை கிடைத்தது. அந்தப் பகுதியைத் தேடி வேறு ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒதுக்கிவைத்த தொகுதிகளுக்கு அவர் ஒரு தனிப் பதிவேடு கேட்டார், திறந்து கொடுத்தேன். அதில் நூற்றுநாற்பத்தாறு பதிவுகள் இருக்கின்றன.

அவர் ஓய்வு பெற்ற அன்று மதியம் அக்காவைக் கூட்டிக்கொண்டு எலிக்கூடத்துக்கு வந்தார். ஆணியில் தொங்கிய பையை அக்கா புரட்டிப் பார்த்து, ஓரத்தில் பிரிந்திருந்த தையலை அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். தைத்தபடியே, “எல்லாம் சரி, எனக்கு அம்மை வந்தப்ப உனக்கு ஏன் வரல? அதைக் கண்டுபிடிச்சியா?” என்றார்.

“இல்லக்கா.”

“நான் சொல்லவா? அம்மா தலைக்குக் குளிப்பாட்டக் கூப்பிட்டா நீ முதல் ஆளாப் போய் நிப்ப. நான் கட்டிலுக்கு அடியில ஓடிடுவேன். காலைப் பிடிச்சு இழுத்தாதான் வருவேன்.”

மேடம் அக்காவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டே பேர். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா.”

“ஆமா, அதுக்காக நான் இன்னொரு தடவை பொறந்து வர முடியாது” என்று அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முதலில் சிரித்தது பூனைதான். பை பழைய ஆணிக்கே போனது. மறுநாள் காலை பத்தேகாலுக்கு அதிலிருந்து சீட்டு எடுத்தோம்.